கரண்டியோடு நிற்கும் அக்காவுக்கு

பொகோட்டா,
அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை,
மதியம் மூன்று மணி, வழக்கம்போல மழை.

பெருமதிப்புக்கும் சற்றே பயத்துக்கும் உரிய அக்கா ஓர்னெல்லாவுக்கு, தம்பி இவானோ பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

நானும் என் மனைவி லொரெடானாவும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சுகமா இல்லையா என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. உன் சுகமும் பதினான்கு மாதமாகத் தெரியவில்லை, ஏனென்றால் நீ என் போனை எடுப்பதில்லை, நானும் உன் ரொட்டிக் கடை வாசலைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய் ரொட்டி வாங்குகிறேன். அந்த ரொட்டி நன்றாகவே இல்லை, அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் பெயர் பியெரோ, நம்ம பக்கத்து ஆஸ்தி ஊர்க்காரர். எங்களோடு இதே விடுதியில் தங்கியிருந்தார். அவருக்கும் மனைவிக்கும் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது, தத்தெடுத்த மூன்று பையன்களோடு நாளைக் காலை விமானம் ஏறுகிறார்கள். நம் சண்டை அவருக்குத் தெரியாது. என் மேல் இருக்கும் கோபத்தை அவர் மேல் காட்டாமல், அந்தப் பையன்களுக்கு ஆளுக்கொரு சர்க்கரை ரொட்டி கொடுத்து அனுப்பு.

நாங்கள் வந்து பதினாறு நாள் ஆகிறது. அக்கா, இந்த ஊரில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய் பாய்லர் ரிப்பேர் செய்கிறவன் நான். இங்கே வருஷம் முழுக்க நம்ம ஊர் நவம்பர் மாதிரி குளிர், ஆனால் ஒரு வீட்டில்கூட ஹீட்டர் கிடையாது! எட்டு மில்லியன் பேர் வீட்டுக்குள்ளேயே கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விடுதிக்கார அம்மா தோன்யா மிரியமிடம், "நான் வேணா ஒண்ணு மாட்டித் தரட்டுமா?" என்று கேட்டதற்கு, "எதுக்கு ராஜா, கம்பளி இருக்கே" என்று இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்திவிட்டுப் போய்விட்டார். என் தொழிலுக்கே மரியாதை இல்லாத ஊர். காலையில் பாலைக் கொதிக்கவைத்து அதில் முட்டையை உடைத்து ஊற்றி, கொத்தமல்லியைத் தூவி, சூப் என்று கொடுக்கிறார்கள். சாயந்திரம் சூடான சாக்லேட்டுக்குள் பாலாடைக்கட்டியைப் போட்டு ஸ்பூனால் துழாவி எடுக்கிறார்கள். நான் நம் மோக்கா பாத்திரத்தில் காப்பி போட்டுக் குடித்தால், "இத்தனூண்டா? உடம்பு சரியில்லையா?" என்று மிரியம் அம்மா விசாரிக்கிறார். "இதோ இப்பவே வந்துடறேன்" என்று சொன்ன டாக்ஸிக்காரர் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்து, "பாருங்க, சொன்ன மாதிரி வந்துட்டேன்" என்று சிரிக்கிறார். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டே ஏறி உட்கார்கிறேன். இதெல்லாம் பரவாயில்லை, பழகிவிடும். நான் எழுத வந்தது வேறு விஷயம், அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் சூப்பைப் பற்றியெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன், இப்போது எங்களோடு விடுதியில்தான் இருக்கிறார்கள். பெண் யெசேனியா, பதினொரு வயது. தம்பி டூவான், எட்டு வயது. டூவானால் ஒரு கவலையும் இல்லை. பார்த்த நாலாவது நிமிஷம் என்னை "அப்பா" என்றான், ஐந்தாவது நிமிஷம் "அப்பா, உங்க போன்ல கேம் இருக்கா?" என்றான். யெசேனியா அப்படி இல்லை. அவளுக்கு நான் "தோன் இவானோ", அதாவது இவானோ ஐயா. நீங்க, வாங்க, போங்க என்று அவ்வளவு மரியாதை, கறாராக ஒரு முழம் தள்ளி நின்றுதான் பேசுவாள். இப்போது கேள் அக்கா, எல்லாமே அவள் கையில்தான் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை குழந்தைகள் நல அலுவலகத்தில் டாக்டர் கான்ஸ்தான்சா (இங்கேயும் நம்ம ஊர் போலத்தான், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் டாக்டர்) அவளைத் தனியாக உட்காரவைத்து, "இவங்களோட போக உனக்குச் சம்மதமா?" என்று கேட்பார். அவள் ஆமாம் என்றால் காகிதம் நீதிபதிக்குப் போகும். மாட்டேன் என்றால் போகாது. பெரிய பிள்ளை, அதை யாரும் வற்புறுத்த முடியாது. அக்கா இல்லையென்றால் தம்பியும் இல்லை, இரண்டு பேரையும் பிரிக்க மாட்டார்கள். ஆறு வருஷம் காத்திருந்து, நூறு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, கடல் தாண்டி வந்தது எல்லாம் ஒரு பதினொரு வயதுப் பெண் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் வந்து நிற்கிறது.

முதல் நாளே நான் கெடுத்துவிட்டேன். அதற்குக் கொஞ்சம் நீயும் காரணம், கோபப்படாமல் கேள். பிள்ளைகளை முதல்முதலாகச் சந்திக்கும் அன்று அலுவலகத்தில் பலூன் எல்லாம் கட்டி ஒரு பெரிய கேக் வைத்திருந்தார்கள். நீலக் கிரீம். நீலம் வேண்டும் என்று கேட்டது யெசேனியாதானாம். அதன் மேலே "வாழ்த்துகள் குடும்பமே" என்று எழுதியிருந்தது. எனக்குப் பகீரென்றது! தீர்ப்பு வரவில்லை, சம்மதம் வரவில்லை, அதற்குள் வாழ்த்தா? நம் வீட்டில் பிறந்தநாளுக்கு முதல் நாள்கூட யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டோமே. ஒஸ்வால்தோ மாமாவுக்கு இரண்டு நாள் முன்னால் வாழ்த்து அட்டை போனதால்தான் அவர் ஏணியிலிருந்து விழுந்தார் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவள் நீதானே? எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கெட்டது அண்டாமல் இருக்கட்டும் என்று பைக்குள் கையை விட்டு இரும்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யெசேனியா தன் கையால் வெட்டி நீட்டிய துண்டைப் பார்த்து, "வேணாம்மா, நன்றி" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் நன்மைக்காகத்தான் அக்கா! அந்தக் கேக்கை நான் தின்று, அதனால் எல்லாம் கெட்டுப்போயிருந்தால்? லொரெடானா இரண்டு துண்டு சாப்பிட்டாள், அவளுக்கு இந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. யெசேனியா என் துண்டை ஒரு டிஷ்யூ காகிதத்தில் அழகாகச் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று நான் சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்து டூவான்தான் போட்டு உடைத்தான்: "அக்கா சொல்றா, நீங்க கேக் சாப்பிடல, அதனால உங்களுக்கு நாங்க வேணுமோ வேணாமோ தெரியலையாம்."

நான் ஒஸ்வால்தோ மாமாவையும் ஏணியையும் விளக்கிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னதில், எங்கள் ஊரில் கேக் சாப்பிட்டால் மாமாக்கள் செத்துப்போவார்கள் என்று அவன் புரிந்துகொண்டான் போலிருக்கிறது. மாமா சாகவில்லை, கால்தான் முறிந்தது என்று திருத்துவதற்குள் அவன் அதைப் போய் அவளிடம் சொல்லிவிட்டான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பார்ப்பதற்காக வீடு, ஊர், சொந்தக்காரர்கள் என்று ஒரு போட்டோ ஆல்பம் தயார் செய்து முன்கூட்டியே அனுப்பவேண்டும் என்பது இங்கே விதி. அனுப்பினோம். யெசேனியா அதைப் பார்த்துப் பார்த்து ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. அதில் போன வருஷம் ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் விருந்தில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. எல்லாரும் மேசையைச் சுற்றி ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். வலது ஓரத்தில், அத்திமரத்து நிழலில், கையில் கரண்டியோடு நீ. அந்த முகம் உனக்கே நினைவிருக்கும். உன்னைப் போட்டோவிலிருந்து வெட்டிவிடலாமா என்று யோசித்தேன், மன்னித்துக்கொள். வெட்டினால் லொரெடானாவின் அண்ணனுக்குக் கை போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் யெசேனியா ஆல்பத்தை என் முன்னால் விரித்து, உன் மேல் விரலை வைத்தாள்.

"தோன் இவானோ, இவங்க யாரு?"

"அது எங்க அக்கா. ஓர்னெல்லா. ரொட்டிக் கடை வெச்சிருக்கா."

"ஏன் சிரிக்கல?"

"அது வந்து… வெயில்மா. கண்ணு கூசுது."

"நிழல்லதானே நிக்கிறாங்க?"

"பல் வலி."

"பல் வலியோட எதுக்குக் கரண்டியத் தூக்கிட்டு நிக்கிறாங்க?"

அவள் பக்கங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, இதுல எல்லாரும் சிரிக்கிறாங்க. நாய்கூடச் சிரிக்குது. எங்களைப் பாக்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் சிரிச்சிட்டே வருவாங்க. சிரிச்சிட்டே போயிடுவாங்க. இந்தக் கரண்டிக்காரம்மா ஒருத்தங்கதான் நிஜமா நிக்கிறாங்க. இவங்களுக்கு நாங்க வர்றது பிடிச்சிருக்கா?"

அக்கா, அந்த நேரம் பார்த்து லொரெடானா அடுப்படியிலிருந்து "ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்று கத்தினாள், நான் இங்கிருந்து "தெரியலம்மா" என்றேன். இரண்டும் ஒரே நேரத்தில். யெசேனியா என்னைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், "ம்" என்று ஆல்பத்தை மூடினாள். "டாக்டரம்மா கேட்டா, கரண்டிக்காரம்மா என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சப்புறம் சொல்றேன்னு சொல்லிடுவேன்." சொல்லிவிட்டுப் போய்த் தம்பிக்குத் தலை வாரிவிட ஆரம்பித்துவிட்டாள்.

அன்றிலிருந்து நான் எது செய்தாலும் கோணலாகிறது. ஜன்னல் காற்று படாமல் இருக்கட்டும் என்று பிள்ளைகள் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றினேன். "மிரியம் அம்மா, இவர் கழுத்துல எதையோ சுத்தி இறுக்குறாரு!" என்று அவள் அலறினாள். மிரியம் அம்மா வந்து, "ஏன் ராஜா, உங்க ஊர்ல காத்து பட்டாலே ஆளு போயிடுவாங்களா?" என்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். கழுத்தில் ஈரக்காற்று பட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை, எப்படி இத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ! சரி, வேறு வழியில் நல்ல பெயர் வாங்கலாம் என்று முந்தாநாள், வருகிற வியாழக்கிழமைக்கு அவள் போட்டுக்கொள்ளப்போகும் வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். காலர் முதற்கொண்டு கச்சிதம். வியர்த்துக் கொட்டியது, தண்ணீர் எடுக்கலாம் என்று ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தேன். "தொடாதீங்க!" என்று ஒரு கூச்சல். யெசேனியாதான். ஓடி வந்து இரண்டு கையையும் விரித்து ஃப்ரிட்ஜுக்குக் குறுக்கே நிற்கிறாள். முகமெல்லாம் சிவந்து, "உங்களுக்குப் பைத்தியமா? அறிவிருக்கா?" என்று கத்துகிறாள். பதினொரு நாளில் அவள் என்னிடம் மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், முடிந்தது, வீட்டில் நான் ஒரு கதவைத் தொடுவதுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை என்று லொரெடானாவிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஆமாம், அழுதேன், ஐம்பத்திரண்டு வயதில்.

மிரியம் அம்மாதான் பிறகு விளக்கினார். "இஸ்திரி போட்ட கையோட ஃப்ரிட்ஜைத் திறந்தா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கும், தெரியாதா? பக்கத்துத் தெரு எல்வியாவுக்கு அப்படித்தான் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் விசில் அடிக்க வரல."

"அதுக்கு முன்னாடி விசில் அடிப்பாங்களா?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? பொண்ணு உங்களைக் காப்பாத்தியிருக்கா, கேள்வி கேக்கறீங்களே!"

காப்பாற்றினாளா, திட்டினாளா? இரண்டும்தான் என்கிறாள் லொரெடானா. எனக்குப் புரியவில்லை. அவளிடம் போய்க் கேட்கவும் பயம்.

ஆகவே அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். அந்தப் போட்டோ எடுத்ததற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் நாங்கள் பெரிய பிள்ளைகளைத் தத்தெடுக்கப்போவதாகச் சொன்னோம். நீ கரண்டியைத் தூக்கிக்கொண்டே, "பத்து வயசு தாண்டின பிள்ளை உன்னை எதுக்குடா அப்பான்னு நெனைக்கணும்? அதுக்கு நீ என்ன செஞ்சிருக்கே?" என்று கேட்டாய். நான் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்றேன். இப்போது சொல்கிறேன், நீ கேட்டது நியாயமான கேள்விதான். நான் இதுவரை அவளுக்குச் செய்தது ஒரு கேக்கை வேண்டாம் என்றதும் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டதும்தான். ஆனாலும் எனக்கு அவள் வேண்டும் அக்கா. அந்த முறைப்பு, அந்த "ம்", தம்பிக்குத் தலை வாரும்போது உதட்டைக் கடித்துக்கொள்வது, எல்லாமே வேண்டும். அவளை இங்கே விட்டுவிட்டு வந்து நம்ம ஊர்ப் பாய்லர்களைத் திரும்பவும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒரு போட்டோ எடுத்து லொரெடானாவின் போனுக்கு அனுப்பு. கரண்டி வேண்டாம். நீலச் சட்டை போட்டுக்கொள். பல் தெரிய, வாய் நிறையச் சிரி. உன் கல்யாணப் போட்டோவிலேயே நீ சிரிக்கவில்லை என்பது தெரியும், ஆனாலும் முயற்சி செய். கண்ணாடி முன்னால் பழகிப் பார். முடிந்தால் "வாங்க செல்லங்களா" என்று ஒரு அட்டையில் எழுதிப் பிடித்துக்கொள். பொய்தான், பாவம்தான், பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். வியாழக்கிழமைக்குள் வந்தாகவேண்டும்.

கடைக்கும் உன் முழங்கால்களுக்கும் அந்தோனியார் துணையிருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், நாய்க்குத் தடவல். நீ என்னை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும்,

உன் குழம்பிப்போன தம்பி,
இவானோ

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. பியெரோ வாசலில் பெட்டிகளோடு நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் செய்யாதே! கடிதத்தைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். வந்து பார்த்தால் யெசேனியா மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். நம் மொழியும் அவர்கள் ஸ்பானிஷும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்பதை நான் மறந்தே போனேன். பாதியாவது அவளுக்குப் புரிந்திருக்கிறது, அதுவும் சரியான பாதி.

"பல் வலின்னு பொய் சொன்னதை நீங்களே எழுதியிருக்கீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"அழுததையும் எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அப்ப கரண்டிக்காரம்மாவுக்கு எங்களைப் பிடிக்கல."

"உங்களை அவளுக்குத் தெரியவே தெரியாதும்மா. எனக்காகப் பயந்தா."

அவள் கடிதத்தை மடித்துவைத்தாள். பிறகு எழுந்து போய், "இன்னிக்கு இஸ்திரி போடலயே?" என்று என்னைக் கேட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னாலிருந்து அந்த டிஷ்யூ காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். நீலக் கேக் அக்கா. பன்னிரண்டு நாள் ஆன கேக். "எல்லாருக்கும் ஒண்ணொண்ணு வெட்டினேன். இது உங்க பங்கு" என்றாள். சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருந்தது. ஒரு பொடி விடாமல் சாப்பிட்டேன், சாவியைத் தொடவே இல்லை. தின்று முடித்ததும், வியாழக்கிழமை என்ன சொல்லப்போறே என்று கேட்க வாயெடுத்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "முன்கூட்டியே கேக்காதீங்க. உங்க ஊருக்குத்தான் அது ஆகாதே. அப்புறம் ஏணியிலேர்ந்து யாராவது விழுவாங்க."

ஆகவே போட்டோ அனுப்பாதே. நீ சிரித்தால் நான் சொல்லிக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமாம். நாங்கள் வருகிற அன்று (எந்த அன்று என்று நான் சொல்லவே இல்லை, நீயும் கேட்காதே) அதே கரண்டி, அதே முகத்தோடு வாசலில் நில், போதும். என்ன கேட்கவேண்டுமோ அவளே நேரில் கேட்டுக்கொள்வாளாம். இப்போது பேனாவைப் பிடுங்குகிறாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து, அவள் பாஷை. புரியாவிட்டால் பியெரோவின் பெரிய பையனிடம் கேள், அவன் படித்துச் சொல்லுவான்.

"அத்தை, நானும் போட்டோவுக்குச் சிரிக்க மாட்டேன். யெசேனியா."